தடியும் அதன் பெயரும்

மனிதன் கையிற்கொண்ட முதற் கருவிகளுள் தடியும் ஒன்று. கனியை உதிர்க்கவும், பாம்பை அடிக்கவும், முதுமையில் ஊன்றி நடக்கவும், பகைவரை எதிர்க்கவும் அது பயன்பட்டது. ஆதலின் தடியைக் குறிக்கும் சொல் இல்லாத மொழி உலகில் இருத்தல் அரிது. அச்சொற்களை ஆராய்ந்தால், ஒரு மக்களின் சொல் மற்றொரு மக்களின் எழுத்திற் புகும்போது என்ன ஆகிறது என்பது நன்கு விளங்கும்.

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில் உள்ள கிருட்டிணகிரி மாவட்டத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் அண்டை வீட்டாரைப் போலக் கலந்து வாழ்கின்றன. ஓசூரின் தொழிற்பேட்டைகளுக்குப் பல நாட்டவரும் வந்து கூடுவர். அவ்வூர்ச் சந்தையில் தமிழர் தடி என்பதனைக் கன்னடர் தொண்ணெ என்பர்; தெலுங்கர் கர்ர என்பர். பொருள் ஒன்றே, பெயர் மூன்று. தொண்ணெ என்னும் சொல்லின் முதலெழுத்தைக் கன்னடர் மெலிவாக ஒலிப்பர். தமிழ்ச் சொற்களின் முதலில் அவ்வொலி வருவதில்லை. அதற்குத் தனி எழுத்தும் இல்லை. ஆகவே தமிழில் எழுதியவுடன் அச்சொல் சிறிது மாறிவிடுகிறது.

ஓசூர் என்னும் பெயரே இதற்குத் தக்க சான்று. கன்னடத்தில் 'ஹொச' என்பது புதிய என்று பொருள்படும். 'ஊரு' என்பது ஊர். எனவே ஹொசூரு என்பது புதூரே ஆகும். பழங்கன்னடத்திற் பகரமாய் நின்ற முதலெழுத்துப் பிற்காலத்தில் ஹகரமாயிற்று. தமிழில் பால், புலி என்பன இன்றைய கன்னடத்தில் ஹாலு, ஹுலி என நிற்றல் காண்க. தமிழர் நாவில் அந்த ஹகரம் மறைந்தது; உயிரும் நீண்டது; ஓசூர் என்னும் வடிவம் நிலைத்தது. எழுத்தை மட்டும் நோக்குவோர்க்கு இப்பெயரின் பொருள் புலப்படாது; அதனை வழங்கிய மக்களின் மொழியை வினவினால் உடனே விளங்கும்.

அருகருகே வாழும் உறவு மொழிகளுக்கே இந்நிலை எனின், ஒன்றையொன்று அறியாத மொழிகள் எதிர்ப்படும்போது நிகழ்வதைக் கூறவேண்டுவதில்லை. 1788 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையிற் குடியேறினர். அக்காலத்தில் அக்கண்டத்தின் பழங்குடி மக்களிடையே ஏறத்தாழ 250 மொழிகள் வழங்கின. அவற்றிற்கு எழுத்து வடிவம் இல்லை. இன்று சிட்னி நகர் உள்ள பகுதியின் மக்கள் பேசியது தாருக் மொழி. அவர்கள் வயிரமேறிய மரத்தைச் செதுக்கி, தலைப்பகுதி பருத்த குறுந்தடிகளைச் செய்து, போரிலும் வேட்டையிலும் பயன்படுத்தினர். அத்தடிக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஙலஙல' என்பது.

இப்பெயரின் முதலெழுத்து ஙகரம் என்பதை மாணவர் கருத்திற் கொள்க. ஆங்கிலச் சொற்களில் அவ்வொலி இடையிலும் இறுதியிலும் வருமேயன்றி முதலில் வருவதில்லை. ஆகவே குடியேறியோர் அதனை நகரமாகக் கேட்டு, 'நல்லா நல்லா' என ஒலித்தனர். அவர்கள் எழுதிய எழுத்தைப் பார்த்து அப்படியே படிப்போர் 'நுல்லா நுல்லா' என்றும் கூறுவர். தமிழிலோ ஙகரத்திற்குத் தனி எழுத்து உண்டு. எனினும் அது மொழிக்கு முதலில் தனித்து வாராது. அங்ஙனம், இங்ஙனம், எங்ஙனம் என்றாற்போலச் சுட்டையும் வினாவையும் அடுத்தே வரும் என்பது நன்னூலார் கூறும் விதி. ஒவ்வொரு மொழியின் எழுத்தும் அம்மொழிக்கென்றே அமைந்தது. பிறிதொரு மொழியின் ஒலிகளையெல்லாம் அது தாங்குதல் இயலாது.

அம்மக்களின் தடியைக் குறிக்க ஆங்கிலத்திற் புகுந்த மற்றொரு தாருக் சொல் 'வாடி' என்பது. ஆங்கிலேயர் இதற்குப் போர்த்தடி என்று மட்டுமே பொருள் கொண்டனர். தாருக் மொழியிலோ அது மரம், கோல், மரத்துண்டு, மரத்தாலான கருவி ஆகிய யாவற்றையும் குறித்தது. பரந்த பொருளுடைய சொல் பிறர் கையில் குறுகிவிட்டது. தமிழில் 'தடி' என்னும் சொல்லும் ஒரு பொருளோடு நின்றுவிடவில்லை. பழந்தமிழில் அது ஊன்துண்டையும் வயற்பகுதியையும் குறித்தது. மலையாளத்தில் மரத்தையும் உடலையும் குறிக்கிறது. தமிழறியாத ஒருவர் அடிதடியை மட்டும் கண்டு 'தடி என்பது படைக்கலம்' என்று எழுதிச் சென்றால், அது முழு உண்மை ஆகுமோ?

வாடி, தடி என்னும் ஓசை ஒப்புமை கண்டு இரண்டும் ஒரு மொழிச் சொற்களே என்று கூறிவிடலும் ஆகாது. அரபு மொழியில் 'வாதி' என்பது மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் பள்ளத்தாக்கைக் குறிக்கும். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் ஓடையை 'நல்லா' என்றனர். அது நாலா என்னும் வடநாட்டுச் சொல்லின் திரிபு. உரோமானிய எழுத்திற் காணும்போது, இவ்விரு சொற்களும் ஆஸ்திரேலியத் தடிகளின் பெயர்களைப் போலவே தோன்றும். அதுகொண்டு தடியும் ஓடையும் உறவுடையன என்பார் உளரோ? ஓசை ஒத்திருத்தல் வேறு, உறவு வேறு.

எழுத்தால் நேர்ந்த இத்தகைய திரிபு தமிழ்நாட்டிலும் உண்டு. சிவகங்கைச் சீமையின் வீரர் கையாண்ட படைக்கலங்களுள் ஒன்று வளரி. இதனை வலரி என்றும் வழரி என்றும் எழுதுதல் பிழை. இடையில் நிற்பது ளகரமே. இதற்கு வளைதடி என்பதும் பெயர். வளைந்த தடி, வளைகின்ற தடி, வளையும் தடி என முக்காலத்திற்கும் பொதுவாய் விரிதலின் அது வினைத்தொகை. மரத்தாலேயன்றி யானைத் தந்தத்தாலும் வளரிகள் செய்யப்பட்டன. சின்ன மருது தமக்கு வளரி எறியக் கற்பித்தார் என்றும், வல்லவர் கையில் அது நூறு கசத் தொலைவுக்குள் குறி தவறாது என்றும் வெல்சு என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் 1830 இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். சின்ன மருதுவோ 1801 ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்டார்.

அந்நூலில் வளரி என்னும் பெயர் இடம்பெறவில்லை. 'காலரிக் கோல்' என்றே காணப்படுகிறது. எறிந்தோருட் சிலர் கள்ளர் குலத்தவர் ஆதலின், ஆங்கிலேயர் அக்குலப் பெயரைத் திரித்துக் கருவிக்கு இட்டனர். ஆங்கிலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் இதற்கும் ஓரெழுத்தே வேறுபாடு! வளைந்த தடி என்னும் குறிப்பு அந்தப் புதுப் பெயரில் எங்கே உள்ளது?

பிறர் சொல்லைப் பிழையின்றி அறிய வழி இல்லையோ எனின், உண்டு. சிட்னிக்கு வந்த ஆங்கிலேயருள் வில்லியம் தாசு என்பவர் ஒருவர். அவர் 1790, 1791 ஆம் ஆண்டுகளில், பட்டியகரங் என்னும் பழங்குடி இளமங்கையை ஆசிரியையாகக் கொண்டு, சொற்களையும் சொற்றொடர்களையும் கேட்டுக் கேட்டுக் குறிப்பேடுகளில் எழுதினார். படைவீரராகிய அவர் அம்மங்கையின் முன் மாணாக்கராய் அமர்ந்தார். பின்னர் அம்மொழி அன்றாட வழக்கிலிருந்து மறைந்தது. இன்று அம்மக்களின் வழித்தோன்றல்கள் தம் முன்னோர் மொழியை மீண்டும் பயிலுங்கால், அக்குறிப்பேடுகள் அவர்களுக்குப் பெருந்துணையாய் உள்ளன. அவை இலண்டன் மாநகரில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

ஆகவே, பிறமொழிச் சொல்லொன்றை எழுத நேரின், அதனை வழங்கும் மக்களை முதலில் வினவுதல் வேண்டும். அவர்கள் அதை எவ்வாறு ஒலிக்கின்றனர், எவ்வெப்பொருள்களிற் கையாள்கின்றனர் என்று பணிவுடன் கேட்டல் வேண்டும். ஓசூரில் பயிலும் மாணவர்க்கு இது எளிதிற் கைகூடும். அவர்தம் வகுப்பறையிலேயே மும்மொழி பேசும் ஆசிரியர்களாய்த் தோழர்கள் வீற்றிருக்கின்றனர் அன்றோ?