வெறுங்கையோடு வந்தவர்கள்



மாளிகாவத்தையின் மாடிக் குடியிருப்பு ஒன்றில், படுக்கையோடு இருக்கும் வயோதிபத் தாய் ஒருவருக்கு நற்கருணை வழங்கச் சென்றிருந்தேன். எனக்கு முன்னரே ஓர் இளம் அருட்சகோதரி அங்கு வந்திருந்தார். கடல் கடந்து இலங்கைக்குப் பணிபுரிய வந்து அவருக்குச் சில மாதங்களே ஆகியிருந்தன. தாயின் முழங்காலுக்குத் தைலம் பூசியபடியே, "அம்மா, வழி எங்கே?" என்று கேட்டார். 'வலி' என்பதே அவர் கேட்க நினைத்த சொல். தாய் வாய்விட்டுச் சிரித்தார். "வழி இல்லப் பிள்ள, வலி. எங்க, சொல்லுங்க பார்ப்பம்" என்றார். சகோதரியும் பள்ளிப் பிள்ளையைப் போல மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

விடைபெறும் வேளையில் அந்தத் தாய் என்னிடம், "இனி நான் ஒருத்தருக்கும் உதவாதவள் எண்டு நினைச்சிருந்தன் சுவாமி. இப்ப இந்தப் பிள்ளைக்குத் தமிழ் படிப்பிக்கிறன்" என்றார்.

படியிறங்கும்போது என்னுள் ஒரு கேள்வி எழுந்தது. அந்த அறையில் பணிபுரிந்தவர் யார்? பணிபெற்றவர் யார்?

இக்கேள்விக்கு விடை தேடும்போது, இலங்கையின் அப்போஸ்தலராகிய புனித யோசேவாஸ் அடிகளார் நினைவுக்கு வருகிறார். 1651இல் கோவாவில் பிறந்த அவர், 1687இல் தம் 36ஆவது வயதில் இந்நாட்டிற்கு வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலம் அது. குருவுக்குரிய உடையைக் களைந்து, ஏழைப் பிச்சைக்காரராக யாழ்ப்பாணத்தில் வீடுவீடாகச் சென்றார். கழுத்தில் செபமாலை மட்டும் தொங்கியது. அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களே அவர் தேடிவந்த மந்தை. பின்னர் சில்லாலையில் மறைந்து வாழ்ந்து, இரவுகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1692இல் கண்டியில், போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் சிறைப்பட்டார். சிறையிலிருந்த அந்நாட்களைச் சிங்களம் கற்பதற்குப் பயன்படுத்திக்கொண்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளரை உறவினரே கைவிட்டபோது, அவர்களுக்கு மருந்தும் உணவும் கொடுத்துப் பராமரித்தார். தாய்மண்ணுக்குத் திரும்பாமலே 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் உயிர்நீத்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்புக் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்ததை நம்மில் பலர் நேரில் கண்டோம்.

அன்பர்களே, இம்மாபெரும் பணியின் தொடக்கத்தைக் கவனித்தீர்களா? அது நீட்டிய கையோடு தொடங்கியது. கொடுக்க வந்தவர் முதலில் கேட்டுப் பெற்றார். ஒரு பிடி சோற்றையும், ஒரு மொழியையும், ஒளிந்திருக்க ஒரு கூரையையும் மக்களிடமிருந்து பெற்றுக்கொண்டார்.

ஆண்டவர் இயேசுவும் எழுபத்திரண்டு சீடரை அனுப்பியபோது பணப்பையையோ வேறு பையையோ எடுத்துச்செல்ல விடவில்லை (லூக்கா 10). ஏன்? நிறைந்த பையோடு செல்பவர் எவருடைய கதவையும் தட்டத் தேவையில்லை. வெறுங்கையோடு செல்பவரோ தட்டியே ஆகவேண்டும். தட்டும்போது கதவு திறக்கிறது. அதனோடு உள்ளமும் திறக்கிறது.

வைகறைச் செபம், திருப்பலி, மொழிப்பாடம், பின்னர் வீட்டுச் சந்திப்புகள் என்று அந்த இளம் சகோதரியின் நாட்கள் கழிகின்றன. பெரிதாக எதையும் சாதிக்கவில்லையே என அவர் வருந்தலாம். ஆனால், தான் பயனற்றவள் என்று எண்ணியிருந்த ஒரு தாயை அவர் ஆசிரியை ஆக்கிவிட்டார். பிறருக்கு நம்மிடம் உள்ளதைக் கொடுப்பது சேவை. அவர்களிடமும் கொடுப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று உணர்த்துவது அதைவிட மேலான சேவை.

நம் பிள்ளைகளும் இன்று தொழிலுக்காகவும் கல்விக்காகவும் தூரதேசங்களில் அந்நியராய் வாழ்கின்றனர். அவர்களுடைய தடுமாறும் சொற்களை யாராவது பொறுமையோடு கேட்கமாட்டார்களா என ஏங்கும் நாம், நம் தெருவுக்கு வந்துள்ள அந்நியரை எவ்வாறு நடத்துகிறோம்? அவருடைய உச்சரிப்பைக் கேட்டு நகைத்துவிட்டுப் போகிறோமா? அல்லது, நகைத்தாலும் அருகில் அமர்ந்து சரியான சொல்லைக் கற்றுக்கொடுக்கிறோமா?

அந்தச் சகோதரி தவறாகச் சொன்ன சொல்லிலும் ஓர் உண்மை இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. பிறருடைய வலியைக் கேட்டறியச் செல்பவருக்கு, இறைவனிடம் செல்லும் வழியும் அங்கேயே புலப்படும். இவ்வாரம் நாமும் ஒரு கதவைத் தட்டுவோமா?