ஹேசலின் அம்மா என்ன ஆவாள்?

‘கட்டாயம் அழுவீங்க’ என்று சொல்லி யாராவது ஒரு நாவலைக் கையில் கொடுத்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். காதலிக்கிற இரண்டு பேருக்கும் புற்றுநோய் என்றால் கேட்கவே வேண்டாம். கைக்குட்டையில் ரத்தம் துப்பிய கதாநாயகர்களை நம் சினிமாவில் பார்க்காததா? ஜான் கிரீன் எழுதிய ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ நாவலையும் அந்தச் சந்தேகத்தோடுதான் பிரித்தேன்.

2012 ஜனவரியில் வெளியான நாவல். கதை அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கிறது. 16 வயது ஹேசலுக்குத் தைராய்டு புற்றுநோய். நுரையீரல் வரை பரவிவிட்டது. மூக்கில் குழாய், கூடவே இழுத்துப்போக ஓர் ஆக்சிஜன் சிலிண்டர். அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் தேவாலயத்தில் நடக்கும் நோயாளிப் பிள்ளைகளின் கூட்டத்துக்குப் போகிறாள். அங்கே 17 வயது அகஸ்டஸைச் சந்திக்கிறாள். கூடைப்பந்து ஆடியவன், எலும்புப் புற்றுநோய்க்கு ஒரு காலைப் பறிகொடுத்தவன். பிறகென்ன, காதல்தான்.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளைகள் பேசுகிற பேச்சு! வாயைத் திறந்தால் தத்துவம். அகஸ்டஸ் சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொள்வான், பற்றவைக்க மாட்டான். அதற்கொரு விளக்கமும் வைத்திருப்பான். நம் வீட்டுப் பையன் இப்படிப் பேசினால் பாட்டி சுற்றிப்போட்டிருப்பாள். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீட்டில் முதல் முத்தம், சுற்றி நிற்பவர்களின் கைதட்டல் என்று வரும் இடம் எனக்கு ஒட்டவே இல்லை. செங்குத்தான அந்தப் படிகளில் ஹேசல் மூச்சு வாங்க ஏறுவதோடு நிறுத்தியிருக்கலாம்.

இவ்வளவையும் தாண்டி நாவல் என்னைப் பிடித்து வைத்ததற்குக் காரணம் காதல் அல்ல, ஹேசலின் அம்மா. ஹேசல் திரும்பத் திரும்பப் படிக்கும் நாவல் ஒன்று கதைக்குள் வருகிறது. அதன் நாயகியும் நோயாளிச் சிறுமிதான். கதை பாதி வாக்கியத்தில் அறுந்து நிற்கிறது. அதற்குப் பிறகு அந்தச் சிறுமியின் அம்மா என்ன ஆனாள்? இதைக் கேட்கத்தான் அதன் ஆசிரியரைத் தேடி ஆம்ஸ்டர்டாம் வரை போகிறார்கள். அவரோ குடிபோதையில் பிள்ளைகளை அவமானப்படுத்தி அனுப்புகிறார். ஏன் இந்தப் பெண்ணுக்கு இந்தக் கேள்வி மேல் இத்தனை வெறி? ஒருமுறை அவசர சிகிச்சைப் பிரிவில் ஹேசல் கிடந்தபோது, இனி நான் அம்மாவாக இருக்க மாட்டேனே என்று அம்மா அழுதது அவள் காதில் விழுந்திருக்கிறது. அரைப் பிறந்தநாளைக்கூட விடாமல் கொண்டாடுகிற அம்மா அவள். மகளுக்குப் பிறகும் தனக்கொரு வாழ்க்கை இருக்கும் என்று தெரிந்தால் பிள்ளை மனசு நோகுமோ என்று, சமூகப் பணி படிப்பதை மறைத்து வைத்திருக்கிறாள். அது வெளிப்படும்போது ஹேசலுக்கு வருத்தம் வரவில்லை, சந்தோஷம் பொங்குகிறது. நாவலின் உச்சம் என்று நான் நினைப்பது அந்த இடத்தில் வரும் சண்டையும் சமாதானமும்தான்.

காதல் நிஜமாவதும் பிற்பகுதியில்தான். நோய் திரும்பிய பிறகு, ஓர் இரவு பெட்ரோல் பங்க்கில் வாந்தியும் அழுகையுமாக அகஸ்டஸ் காருக்குள் கிடக்கிறான். சிகரெட் வாங்கவாவது தன்னால் முடியும் என்று காட்டத் தனியாகப் போனவன். வீராப்பு முழுக்க உதிர்ந்த அந்தப் பையனை எனக்குப் பிடித்தது.

கிரீன் இளம் வயதில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் மாணவப் போதகராக வேலை பார்த்தவர். தைராய்டு புற்றுநோயால் 2010இல் 16 வயதில் இறந்த இளம் தோழி ஒருத்திக்கு இந்த நூலைச் சமர்ப்பித்திருக்கிறார். நோயை அலங்கரிக்காமல் எழுத அவருக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று இதில் ஓரளவு புரிகிறது.

2014இல் ஹாலிவுட் படம் வந்தது. இந்தியில் 2020இல் ‘தில் பேச்சாரா’. சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் கடைசிப் படம், இசை ஏ.ஆர்.ரஹ்மான். அதில் நாயகன் ரஜினி ரசிகன்! பாடல்களுக்காகப் பார்க்கலாம். கதைக்கு நாவல்தான்.

வீட்டில் மகளோ மகனோ இதைப் படித்துக்கொண்டிருந்தால், காதல் புத்தகம் என்று பிடுங்கி வைக்காதீர்கள். அவர்கள் முடித்ததும் கேட்டு வாங்கி நீங்களும் படியுங்கள்.