உங்களுக்குத் தெரியுமா? மாத்திரையா, ஊசியா?

விறைப்புக் குறைபாட்டை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, விளம்பர லேகியங்களை நம்பிக் காசையும் காலத்தையும் கரைப்பவர்கள் ஏராளம். இதற்கு முறையான மருத்துவம் இருக்கிறது. டாக்டரைப் பார்க்கப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள்:

● மாத்திரைக்கு முன்பே ஊசி வந்துவிட்டது. அபின் செடியிலிருந்து கிடைக்கும் பாப்பவரின் மருந்தை ஆணுறுப்பில் ஊசியாகப் போட்டால் விறைப்பு உண்டாகும் என்று பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரொனால்ட் விராக் 1982-ல் எழுதினார். மறு ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த மருத்துவ மாநாட்டில், பிரிட்டன் ஆய்வாளர் ஜைல்ஸ் பிரிண்ட்லி தனக்கே ஊசி போட்டுக்கொண்டு வந்து பலனை அவையோருக்கு நேரில் காட்டினார்.

● ‘வயாகரா’ என்ற பெயரில் வந்த சில்டெனாஃபில், முதலில் இதய நோயாளிகளின் நெஞ்சுவலிக்காகச் சோதிக்கப்பட்ட மருந்து. விறைப்புக் குறைபாட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1998 மார்ச் 27-ல்.

● மாத்திரை போட்டதுமே விறைப்பு வந்துவிடாது. ஆசை எழும்போது நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து ரத்தக்குழாய்களை விரியச் செய்கின்றன. அந்த விரிவு சீக்கிரம் அடங்கிவிடாமல் காப்பதுதான் மாத்திரையின் வேலை. ஆசை எழாவிட்டால் மாத்திரைக்கு வேலையில்லை.

● ஊசிக்கு நரம்பின் உதவி தேவையில்லை. ஊசியாகப் போடும் ஆல்ப்ரோஸ்டாடில் மருந்து ரத்தக்குழாய்களை நேரடியாகத் தளர்த்தி, 5 முதல் 20 நிமிடத்துக்குள் பலன் தரும். புராஸ்டேட் புற்றுநோய் அறுவையில் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கும், மாத்திரைக்குக் கட்டுப்படாத சர்க்கரை நோயாளிகளுக்கும் இது கைகொடுக்கிறது.

● ஊசி என்றதும் பயப்பட வேண்டாம். இன்சுலின் ஊசி போல மெல்லியதுதான். ஆணுறுப்பின் பக்கவாட்டில், கண்ணுக்குத் தெரியும் ரத்தக்குழாய்களைத் தவிர்த்துக் குத்த வேண்டும். பிறகு அந்த இடத்தைச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும். அடுத்த முறை மறுபக்கம். முதல் ஊசியை டாக்டர் முன்னிலையில் போட வேண்டும். அளவை அவரே முடிவு செய்வார். ஆல்ப்ரோஸ்டாடில் ஊசி வாரத்துக்கு 3 முறைக்கு மேல் கூடாது. இரண்டு ஊசிக்கு நடுவே 24 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

● வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டுவிட்டு சில்டெனாஃபில் போட்டால், கொழுப்பு காரணமாக மருந்து தாமதமாகத்தான் வேலை செய்யும். டாடலாஃபில் என்ற இன்னொரு மாத்திரைக்கு இந்தச் சிக்கல் இல்லை. சில்டெனாஃபிலின் பலன் சுமார் 4 மணி நேரம். டாடலாஃபிலின் பலன் 36 மணி நேரம் வரை.

● மாத்திரையால் தலைவலி, முகச் சிவப்பு, மூக்கடைப்பு வரலாம். சில்டெனாஃபில் சிலருக்குப் பார்வையில் நீலம் படரச் செய்யும். டாடலாஃபில் முதுகுவலி தரலாம். ஊசியால் வலி வரலாம். நாளடைவில் உள்ளே தழும்பேறி உறுப்பு வளையவும் கூடும்.

● நெஞ்சுவலிக்காக நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரை போட்ட பிறகு நெஞ்சுவலி வந்தால், மருத்துவமனையில் மாத்திரை போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.

● விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் அடங்காவிட்டால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தாமதித்தால் திசுக்கள் நிரந்தரமாகச் சேதமடையும். மாத்திரையைவிட ஊசியில் விறைப்பு இப்படி நீடிக்க வாய்ப்பு அதிகம்.

● ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தின் ரத்தக்குழாய்களைவிடக் குறுகலானவை. அதனால் அடைப்பின் பாதிப்பு பெரும்பாலும் இங்கேதான் முதலில் தெரியும். மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. கடையில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் இந்த எச்சரிக்கை கைநழுவிப் போகும். மாத்திரையோ ஊசியோ, அதற்கு முன் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள்.