தாளத்துக்கு எத்தனை பிரேம்?

காரின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் உள்பக்கம் எட்டிப் பாருங்கள். குழிக்குள் உட்கார்ந்த ஓர் இரும்பு உருண்டை அங்கே மூடியிருக்கும். எந்தப் பக்கமும் திரும்பும், ஆனால் கழன்று வராது. பால் ஜாயின்ட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் அந்த மூட்டை, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில் வேலை பார்க்கும் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ரெனோ–நிஸான் கார்களும் டெய்ம்லரின் பாரத் பென்ஸ் லாரிகளும் ஒரகடத்தில்தான் உருவாகின்றன. ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பாகங்கள் செய்யும் ராணே மெட்ராஸ் நிறுவனத்தின் ஆலை ஒன்று பக்கத்து வாரணவாசியில் இருக்கிறது.

அதே மூட்டு பட்டாணி அளவுக்குச் சிறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷன் பொம்மையின் தோளிலும் இடுப்பிலும் முழங்காலிலும் இருக்கிறது. வேலை மட்டும் நேர் எதிரானது. காரில் உருண்டை கிரீஸுக்குள் தடையில்லாமல் சுழல வேண்டும். பொம்மையிலோ விரலால் தள்ளினால் மட்டும் நகர வேண்டும். விரலை எடுத்ததும் விட்ட இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். அதற்காக உருண்டையை இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து ஒரு சின்ன ஸ்க்ரூவால் இறுக்குகிறார்கள். ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் தூக்கிய கை மெல்லத் தொங்கிவிடும். அதிகம் இறுகியிருந்தால் கையைத் திருப்பும்போது உடம்பே சேர்ந்து திரும்பும். தோளுக்கு ஒரு இறுக்கம், கணுக்காலுக்கு வேறு இறுக்கம். மொத்த எடையையும் தாங்குவதால் கணுக்கால்தான் எல்லாவற்றிலும் இறுக்கமாக இருக்க வேண்டும். அதுவும் போதாது என்று பொம்மை நிற்கும் மேடையில் துளை போட்டு, அடியிலிருந்து போல்ட் ஏற்றிப் பாதத்தைப் பிடித்து வைப்பார்கள். ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் போல்ட்டைக் கழற்றி அடுத்த துளையில் மாட்ட வேண்டும்.

இந்த மூட்டுகளால் ஆன எலும்புக்கூட்டின் மேல் ரப்பர் நுரை அல்லது சிலிகோன் சதை ஏறும். எலும்புக்கூட்டை இரண்டு பாதி அச்சுகளுக்கு நடுவே வைத்து மூடி, நுரையை ஊற்றி, இறுகியதும் அச்சைப் பிரித்து, இரு பாதியும் சேர்ந்த இடத்தில் ஓடும் கோட்டைச் செதுக்கி எடுக்கிறார்கள். பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போய்க் காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவுக்குள் நுழைந்தால், கொலு பொம்மைகளும் இப்படித்தான் இரட்டை அச்சில் பிறப்பதைப் பார்க்கலாம். அங்கே உள்ளுக்குள் எலும்பு இருக்காது, அவ்வளவுதான்.

பிறகுதான் படப்பிடிப்பு. பொம்மையை இம்மியளவு நகர்த்தி, கையை விலக்கி, ஒரு படம் எடுக்க வேண்டும். மறுபடி நகர்த்த வேண்டும். திரையில் ஒரு விநாடிக்கு 24 பிரேம். ஒரே நிலையை இரண்டு பிரேமுக்கு நீட்டினால் 12 நிலைகள் போதும். அசைவு கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரியும். ஆலையில் வெல்டிங் ரோபோவுக்கு டீச்சிங் செய்தவர்களுக்கு இங்கே உள்ள வித்தியாசம் சட்டென்று பிடிபடும். ரோபோவுக்கு முக்கியமான சில புள்ளிகளைக் காட்டிவிட்டால் இடைப்பட்ட பாதையை அதுவே கணக்கிட்டு நகரும். இங்கே இடைவெளியை நிரப்பித் தர யாரும் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதக் கை வைத்த புள்ளி. 1963-இல் வந்த ‘ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்’ படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் மூன்று வீரர்களோடு வாள் சண்டை போடும் காட்சி ஒன்று உண்டு. சில நிமிடமே ஓடும் அதற்கு, பொம்மைகளை அசைத்த ரே ஹாரிஹவுசன் நாலரை மாதம் உழைத்தார்.

இந்தப் படங்களை விரும்புகிறவர்கள் இரண்டு விஷயத்தில் ஒத்துப்போக மாட்டார்கள். முதலாவது, கை தெரிய வேண்டுமா, மறைய வேண்டுமா என்பது. 1933-இன் ‘கிங்காங்’கில் குரங்கின் ரோமம் காரணமில்லாமல் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பிரேமுக்கும் வில்லிஸ் ஓ’பிரையனின் குழு பொம்மையைத் தொட்டதன் தடம் அது. 2009-இல் வெஸ் ஆண்டர்சன் ‘ஃபன்டாஸ்டிக் மிஸ்டர் ஃபாக்ஸ்’ எடுத்தபோது நரியின் ரோமம் அப்படியே துடிக்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டார். அசைவையும் பெரும்பாலும் விநாடிக்கு 12 நிலைகளில் வைத்தார். எதிர்த் திசையில் போனது அமெரிக்காவின் லைக்கா ஸ்டுடியோ. அதே 2009-இல் வந்த ‘கோரலைன்’ படத்துக்கு முகங்களைத் த்ரீடி பிரிண்டரில் அடித்து, பிரேமுக்குப் பிரேம் மாற்றி மாட்டினார்கள். அசைவு அவ்வளவு வழவழப்பு. இது கம்ப்யூட்டரில் செய்ததுதானே என்று பார்ப்பவர்கள் கேட்கும் அளவுக்கு வழவழப்பு.

இரண்டாவது சண்டை இசையைப் பற்றியது. 1993-இல் வந்த ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்’ படத்தின் பாட்டுகள்தான் இந்தக் கலையின் உச்சம் என்பது ஒரு கட்சி. பாட்டுகளை எடுத்துவிட்டால் அந்தப் படத்தில் கதை எங்கே, ‘கோரலைன்’ போலப் பின்னணி இசை காற்றாக ஊடுருவ வேண்டும் என்பது மறு கட்சி. இரண்டையும் இயக்கியவர் ஒரே ஆள், ஹென்றி செலிக். அதனால் இயக்குநரைச் சொல்லித் தப்பிக்க முடியாது. சண்டை இசையிலேயே நிற்கிறது.

தமிழ் ரசிகனுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. இளையராஜா பாட்டில் பெரியவரா, ரீ-ரெக்கார்டிங்கில் பெரியவரா என்று டீக்கடையில் நம் ஊர் எத்தனை வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறது! பாட்டு முதலில் பதிவாகும்; படப்பிடிப்புத் தளத்தில் அது ஓடும்; நடிகர் அதற்கு வாயசைப்பார். ரீ-ரெக்கார்டிங் கடைசியில் வரும். எடுத்து முடித்த படத்துக்கு இசை வளைந்து கொடுக்கும். ஸ்டாப் மோஷனிலும் இதே இரண்டு வழிதான். ‘நைட்மேர்’ முதல் வழியில் பிறந்த படம். டிம் பர்ட்டன் கதையைத் துண்டு துண்டாகச் சொல்ல, டேனி எல்ஃப்மேன் அதற்கேற்பப் பாட்டுப் போட்டார். திரைக்கதை முடியும் முன்பே பாட்டுக் காட்சிகளைப் படமாக்கத் தொடங்கிவிட்டார்கள். நாயகன் ஜாக்கின் பாடும் குரலும் எல்ஃப்மேனுடையதுதான். கதை மெலிவு என்று குறை சொல்பவர்கள் தவறாகச் சொல்லவில்லை. பாட்டுகளுக்கு நடுவே உள்ள இடத்தில்தான் கதை வாழ வேண்டியிருந்தது.

ஆனால் இந்த இரண்டு சண்டையும் உண்மையில் ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன். அசைவும் இசையும் இந்தக் கலையில் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். போட்டுப் பார்க்கலாம்.

நிமிடத்துக்கு 120 தட்டு விழும் பாட்டு என்றால் ஒரு தட்டுக்கு அரை விநாடி, அதாவது 12 பிரேம். ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை. ஓர் ஆவர்த்தனம் 96 பிரேம், சரியாக நான்கு விநாடி. ஒரு தட்டுக்குள் திஸ்ர நடையில் மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் நான்கு பிரேம், சதுஸ்ரத்தில் நான்காகப் பிரித்தால் மூன்று பிரேம். இங்கேதான் சிக்கல் தலைகாட்டுகிறது. இரண்டிரண்டு பிரேமாக எடுப்பவருக்குத் திஸ்ரம் சுகம். ஒவ்வொரு பங்குக்கும் இரண்டு நிலை. சதுஸ்ரம் இடறும், மூன்று பிரேமை இரண்டாக வகுக்க முடியாது. வேகத்தைக் குறைத்து நிமிடத்துக்கு 90 தட்டு ஆக்கினால் ஒரு தட்டுக்கு 16 பிரேம். சதுஸ்ரம் நன்றாக உட்கார்ந்துவிடும், திஸ்ரம் போய்விடும். கண்ட நடையின் ஐந்தைப் பிடிக்க வேண்டுமா? 72 தட்டுக்குப் போங்கள். 20 பிரேமில் ஐந்து பங்கு, பங்குக்கு நான்கு. ஆகவே பாட்டு முதலில் வந்துவிட்ட படத்தில், பொம்மையின் கால் எந்தப் பிரேமில் தரையைத் தொட வேண்டும் என்பதை இசையமைப்பாளர் ஏற்கனவே எழுதிவிட்டார். பொம்மையை நகர்த்துபவர் முன்னால் பாட்டின் சொல், எழுத்து, தட்டு ஆகியவற்றைப் பிரேம் வாரியாகக் குறித்த தாள் ஒன்று இருக்கும். அவர் மனதில் பாட்டு ஓடாது, எண்கள்தான் ஓடும்.

தட்டு தெளிவாக விழும்போது அசைவின் வெட்டு கண்ணை உறுத்துவதில்லை. காது எதிர்பார்த்த இடத்தில் கால் இறங்கினால், நடுவில் விட்டுப்போன நிலைகளை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. ‘கிங்காங்’கின் இசையமைப்பாளர் மாக்ஸ் ஸ்டெய்னருக்கு இது தெரிந்திருந்தது. புதிதாக இசை எழுதச் செலவு செய்ய ஸ்டுடியோ தயங்கியபோது தயாரிப்பாளர் மெரியன் கூப்பர் தன் சொந்தப் பணத்தைத் தர முன்வந்தார். ஸ்டெய்னர் பாத்திரங்கள் எடுத்து வைக்கும் அடிக்கு அடி இசையை இறக்கினார். முயல் தோல் போர்த்திய சின்னப் பொம்மைக்கு எடை வந்தது அந்த இசையில்தான். தட்டைக் கைவிட்டு மிதக்கும் இசைக்கு அந்த உதவியைச் செய்ய முடியாது. ‘கோரலைன்’ படத்துக்குப் பிரான்ஸின் புரூனோ கூலே, அர்த்தமில்லாத சொற்களைச் சிறுவர் குழு பாட, பிடிமானமே இல்லாத ஓர் இசையை எழுதினார். அதன் மேல் அசைவு வெட்டி வெட்டி ஓடியிருந்தால் பொம்மை பொம்மையாகவே தெரிந்திருக்கும். அங்கே வழவழப்பு ஆடம்பரம் அல்ல, தேவை. பாட்டுக் கட்சிக்காரர் கையின் தடத்தை மன்னிப்பதும், பின்னணி இசைக் கட்சிக்காரர் நேர்த்தியைக் கேட்பதும் இதனால்தான். என் மனம் பாட்டுக் கட்சியின் பக்கம். கை தெரிகிற படத்தில் நான் பார்ப்பது பொம்மையோடு அதைத் தொட்டவரையும் சேர்த்து.

அசைவும் இசையும் இப்படிச் சேர்ந்ததற்கு நம் ஊரில் ஒரு முன்னோடி வடபழனி வாகினி ஸ்டுடியோவில் பிறந்தது. 1957-இன் ‘மாயா பஜார்’. கே.வி. ரெட்டி இயக்கம், மார்கஸ் பார்ட்லியின் கேமரா. கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ் உட்கார்ந்திருக்க லட்டுகள் தாமாக வந்து வாய்க்குள் விழும். கேமராவை நிறுத்தி நிறுத்தி எடுப்பது, பிலிமைத் தலைகீழாக ஓட்டுவது, கண்ணுக்குத் தெரியாத கயிறு என்று எல்லாத் தந்திரமும் கலந்து புழங்கிய காலம் அது. ஆனால் அந்த விருந்து இன்றும் நிற்பதற்குத் தந்திரம் பாதிக் காரணம்தான். மறு பாதி, கண்டசாலா இசையில் திருச்சி லோகநாதன் சிரித்துச் சிரித்துப் பாடிய ‘கல்யாண சமையல் சாதம்’. அந்த மெட்டின் தடம், ஆந்திரத்தின் சுரபி நாடகக் குழு வழியாக, 1922-இல் சார்லஸ் பென்ரோஸ் என்ற ஆங்கிலேயர் பாடிய சிரிப்புப் பாட்டு வரை போகிறது. சிரிப்பின் இடைவெளியில் லட்டு போகிறது. சத்தத்தை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியைப் பாருங்கள், வித்தை சட்டென்று வெளிறிவிடும்.

அதற்கும் முன்னால் இந்திய சினிமாவின் முன்னோடி பால்கே இருக்கிறார். பட்டாணி முளைத்துச் செடியாவதைப் பிரேம் பிரேமாக எடுத்துக் காட்டித்தான் அவர் தன் முதல் படத்துக்குக் கடன் திரட்டினார். 1915-இல் தீக்குச்சிகளை ஆட வைத்தும் ஒரு குறும்படம் எடுத்தார். பிறகு நீண்ட இடைவெளி. 2000-க்குப் பிறகு, திருப்பதிப் பக்கம் தயாராகும் அமரான் கார் பேட்டரிக்கு மும்பையின் ஃபேமஸ் ஹவுஸ் ஆஃப் அனிமேஷன் களிமண் பொம்மைகளால் செய்த விளம்பரங்கள் வீடு வீடாக இந்தக் கலையைக் கொண்டுசேர்த்தன. அங்கிருந்து வந்த சுரேஷ் எரியாட் பின்னர் ஸ்டுடியோ ஈக்சாரஸ் தொடங்கி, ‘டோக்ரி’ என்ற குறும்படத்தைப் பல ஆண்டுகள் பொறுமையாகச் செதுக்கினார். அப்பாவின் கைக்கடிகாரத்தை உடைத்துவிட்டு, அதைச் சரிசெய்யக் கூடை விற்கப் போகும் சிறுமியின் கதை. 2017-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. தமிழில் இப்படி ஒரு முழுநீளப் படம் வர வேண்டும் என்பது என் ஆசை. மூட்டு கடையத் தெரிந்த டூல் ரூம் ஒரகடத்தில் இருக்கிறது, அச்சு எடுக்கத் தெரிந்த கைகள் காஞ்சிபுரத்தில் இருக்கின்றன, தாளம் எண்ணத் தெரிந்தவர்களுக்குச் சென்னையில் பஞ்சமே இல்லை.

ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்த பிறகு கைப்பேசியிலேயே தொடங்கலாம். ஸ்டாப் மோஷனுக்கென்றே செயலிகள் இருக்கின்றன. வேகத்தை விநாடிக்கு 12 படம் என்று வையுங்கள். ஜன்னலை மூடி ஒரே விளக்கில் எடுங்கள், இல்லையென்றால் வெயில் நகர நகரப் படம் மினுக்கும். கைப்பேசியின் போக்கஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், பொம்மையின் துணி ஆடும். பொம்மைக்குக் கம்பி, மேலே களிமண் போதும். பாதத்தில் ஒரு காந்தம் வைத்து, இரும்புத் தட்டின் மேல் நிறுத்தினால் விழாது. பாட்டு நிமிடத்துக்கு 120 தட்டாக இருக்கட்டும். முதல் தட்டு 1-ஆவது படம், இரண்டாவது 7, மூன்றாவது 13, நான்காவது 19. பொம்மை கை தட்டுவதாக இருந்தால், இந்த நான்கு படங்களிலும் இரண்டு உள்ளங்கையும் சேர்ந்திருக்க வேண்டும். 4, 10, 16-ஆவது படங்களில் கைகள் அதிகபட்சமாக விலகியிருக்கட்டும். மீதியை அவற்றுக்கு நடுவே பகிர்ந்துகொள்ளுங்கள், தட்டை நெருங்கும்போது மட்டும் படத்துக்குப் படம் கை நகரும் தூரம் பெரிதாக இருக்கட்டும். அப்போதுதான் கை வேகமாக வந்து மோதுவது போலத் தெரியும்.