பந்து மைதானத்தில் கிடைத்த தத்துவம்

வகுப்பு முடிந்ததும் பேராசிரியர் சினிமாவுக்குக் கிளம்பி விடுவார். இரண்டு மணி நேரம் ஓயாமல் மூளையைக் கசக்கிய களைப்பு முகத்தில் தெரியும். மாணவர்கள் தங்கள் நாற்காலிகளை எடுத்துக் கொண்டு வெளியேறும் போதே, நெருங்கிய ஒருவரைப் பார்த்து, படத்துக்கு வர முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்பார். வழியில் ஒரு பன் வாங்கிக் கொள்வார். கொட்டகையில் முதல் வரிசையில்தான் உட்கார வேண்டும். நம் ஊர் டூரிங் டாக்கீசில் தரை டிக்கெட் வாங்கியவர்கள் உட்காருவார்களே, அந்த இடம். திரையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படக் கூடாது என்பது அவர் எண்ணம். பன்னைக் கடித்துக் கொண்டு, முன்னால் சாய்ந்து, படத்திலேயே முழுகி விடுவார். தலையில் குளிர்ந்த நீரைக் கொட்டிக் குளித்தது போல் இருக்கிறது என்பாராம்.

அவர் விரும்பியது உயர்ந்த கலைப் படங்களை அல்ல. குதிரையும் துப்பாக்கியும் நிறைந்த அமெரிக்கப் படங்கள், கார்மன் மிராண்டா, பெட்டி ஹட்டன் போன்ற நடிகைகளின் ஆட்டபாட்டப் படங்கள் இவைதான் அவருக்குப் பிடித்தவை. இங்கிலாந்தில் எடுத்த படம் என்றால் முகத்தைச் சுளிப்பார்.

இந்த ரசிகர்தான் லுட்விக் விட்கன்ஸ்டைன். 20-ம் நூற்றாண்டின் தத்துவத்தையே திசை திருப்பியவர் என்று போற்றப்படுகிறவர். 1939 முதல் 1947 வரை கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் தத்துவப் பேராசிரியர்.

துப்பறியும் கதைகள்

படிப்பிலும் அப்படியே. அமெரிக்காவிலிருந்து வந்து அவரிடம் படித்த நார்மன் மால்கம், ஊர் திரும்பிய பிறகு மலிவுப் பதிப்புத் துப்பறியும் பத்திரிகைகளைத் தபாலில் அனுப்பி வைப்பார். இரண்டாவது உலக யுத்தமும் அதன் பிறகு வந்த தட்டுப்பாடும் இங்கிலாந்தை வாட்டிய காலம் அது. வயிற்றுக்கு உணவுப் பொட்டலம் எப்படியோ, மூளைக்கு இந்தப் பத்திரிகைகள் அப்படி என்று பேராசிரியர் பதில் எழுதுவார். தத்துவ உலகமே மதித்த 'மைண்ட்' என்ற சஞ்சிகையை ஒருவன் எதற்காகப் படிக்க வேண்டும், இதைப் படிக்கலாமே என்றும் கேலி செய்திருக்கிறார். நார்பர்ட் டேவிஸ் என்பவரின் மர்மக் கதை ஒன்று அவருக்கு அத்தனை பிடித்து விட்டது. ஆசிரியருக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும், விலாசம் கிடைக்குமா என்று 1948-ல் மால்கமிடம் விசாரித்தார்.

பெரிய மனிதர்களுக்கு இப்படிச் சில பலவீனங்கள் உண்டு என்று சொல்லிச் சிரித்து விட்டுப் போகலாம். ஆனால் இவர் விஷயத்தில் அப்படிப் போய் விட முடியாது. அவருடைய தத்துவத்தின் உயிர்நாடியான கருத்தே ஒரு விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில்தான் தோன்றியது.

மைதானத்தின் ஓரம்

ஒரு நாள் நடந்து போகும் வழியில் சிலர் கால்பந்து ஆடிக் கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த போதுதான், சொற்களை வைத்து நாமும் ஒரு வகை ஆட்டம்தானே ஆடுகிறோம் என்று அவருக்குப் பட்டதாம். விஞ்ஞானி பிரீமன் டைசன் கூறியதாக மால்கம் இதை எழுதி வைத்திருக்கிறார்.

இளமையில் விட்கன்ஸ்டைனின் கொள்கை வேறு. சொற்கள் உலகத்தைப் படம் பிடித்துக் காட்டுகின்றன, ஒவ்வொரு வாக்கியமும் ஒரு நிலைமையின் சித்திரம் என்று 1921-ல் வெளிவந்த முதல் நூலில் வாதித்தார். பிற்காலத்தில் அதை அவரே உதறினார். சொல்லுக்குப் பொருள் எங்கோ தனியாகப் பதுங்கியிருக்கவில்லை. அதை மனிதர்கள் எப்படிப் புழங்குகிறார்களோ அதில்தான் இருக்கிறது என்றார். சதுரங்கத்தில் குதிரை என்பது மரக்கட்டைதான். அது எப்படி நகரலாம் என்ற விதிதான் அதைக் குதிரை ஆக்குகிறது. சொல்லும் அப்படியே.

சரி, 'விளையாட்டு' என்றால் என்ன? அவர் இறந்த பிறகு 1953-ல் வெளியான 'தத்துவ ஆய்வுகள்' என்ற நூலில் இதே கேள்வியை எழுப்புகிறார். சீட்டு, பந்து, சதுரங்கம், ஒலிம்பிக் பந்தயம் எல்லாமே விளையாட்டுகள். இவை அனைத்துக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டா? வெற்றி தோல்வியா? சுவரில் பந்தை எறிந்து பிடிக்கும் சிறுவனுக்கு ஏது தோல்வி? பொழுதுபோக்கா? பந்தய ஆட்டக்காரனைக் கேட்டுப் பாருங்கள். ஒரு குடும்பத்தில் ஒருவனுக்கு அப்பாவின் மூக்கு, இன்னொருத்திக்குப் பாட்டியின் நடை என்று சாயல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது போலத்தான் விளையாட்டுகளின் உறவும். எல்லாவற்றிலும் ஊடுருவும் ஒற்றை நூல் கிடையாது.

இதைப் புரிந்து கொள்ளத் தமிழனுக்கு ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை. 'ஆட்டம்' என்ற சொல்லை எடுத்துக் கொண்டால் போதும். சீட்டாட்டம், பந்தாட்டம், கரகாட்டம், மயிலாட்டம். ஊஞ்சலும் ஆட்டம்தான், பேய் பிடித்தவளும் ஆடுகிறாள். பதவி வந்ததும் ஆடுகிறான் என்கிறோம். சினிமாவில் முதல் ஆட்டம், இரண்டாவது ஆட்டம். இத்தனைக்கும் பொதுவாக ஒரு வரையறை எழுதச் சொன்னால் தமிழ்ப் புலவரும் திணறுவார். ஆனால் எந்தக் குழந்தையும் இந்தச் சொல்லைத் தப்பாகப் பயன்படுத்துவதில்லை.

விதிகளைப் பற்றியும் அவர் காட்டும் உதாரணம் மைதானத்திலிருந்து வந்ததுதான். டென்னிசில் பந்தை எவ்வளவு உயரம் தூக்கிப் போடலாம் என்று விதி கிடையாது. அதனால் டென்னிஸ் விதியில்லாத ஆட்டம் ஆகி விடுமா?

கிராமத்து வாத்தியார்

அவருடைய சிந்தனைக்கு மைதானமும் கொட்டகையும் மட்டுமல்ல, பள்ளிக்கூடமும் காரணம். அந்தக் கதை அவ்வளவு இனிமையானது அல்ல.

1889-ல் வியன்னாவில் பிறந்தவர் விட்கன்ஸ்டைன். தந்தை இரும்பு எஃகுத் தொழிலில் கோடீசுவரர். மகனோ முதல் உலக யுத்தத்தில் போர்க்களம் கண்டு, சிறைப்பட்டுத் திரும்பியதும், தன் பங்குச் சொத்து முழுவதையும் உடன்பிறந்தவர்களுக்கு எழுதிக் கொடுத்து விட்டார். பிறகு ஆசிரியப் பயிற்சி பெற்று, 1920 முதல் 1926 வரை ஆஸ்திரியாவின் ஏழை மலைக் கிராமங்களில் ஆரம்பப் பள்ளி வாத்தியாராக வேலை பார்த்தார்.

கெட்டிக்கார வாத்தியார்தான். செத்த பூனையின் எலும்புகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து கோத்து எலும்புக்கூடு செய்தார். வியன்னாவுக்கு அழைத்துப் போய்க் கட்டடங்களையும் இயந்திரங்களையும் காட்டினார்; போகிற வழியில் செடிகொடிகளின் பெயர் சொல்லிக் கொடுத்தார். எழுத்துப் பிழையைப் பிள்ளைகள் தாங்களே திருத்திக் கொள்ள ஓர் அகராதியும் தயாரித்தார். அவர் உயிரோடிருந்த போது அச்சான நூல்கள் இரண்டே. ஒன்று அந்த முதல் தத்துவ நூல். மற்றது 1926-ல் வந்த இந்தப் பள்ளிக்கூட அகராதி!

ஆனால் கணக்கு வராத பிள்ளைகளிடம் அவருக்குப் பொறுமை கிடையாது. காதைத் திருகினார், முடியைப் பிடித்து இழுத்தார். பெண் பிள்ளைகளும் தப்பவில்லை. 1926 ஏப்ரலில் 11 வயதுப் பையன் ஒருவனைத் தலையில் அடித்தார். பையன் மயங்கி விழுந்தான். விஷயம் விசாரணை வரை போயிற்று. அதற்குள் அவர் வேலையை ராஜினாமா செய்து விட்டார்.

கௌபாய் படத்தின் அபத்தங்களை எல்லாம் மன்னிக்கத் தெரிந்தவருக்கு, மலைக் கிராமத்துக் குழந்தையின் தப்புக் கணக்கை மன்னிக்கத் தெரியாமல் போனது வேதனைதான்.

பத்து ஆண்டுகள் கழித்து, உலகம் வியக்கும் தத்துவ மேதையாகி விட்ட நிலையில், அதே கிராமத்துக்குத் திரும்பிப் போனார். வீடு வீடாக ஏறிப் பழைய மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். பலர் பெருந்தன்மையோடு ஏற்றுக் கொண்டார்கள். ஒரு பெண் மட்டும், அவர் சொன்னதற்கெல்லாம் அலட்சியமாக 'ம், ம்' கொட்டி அனுப்பி வைத்தாள். குழந்தையை அடித்ததையும், அதை இல்லையென்று ஒரு முறை பொய் சொன்னதையும் கேம்பிரிட்ஜ் நண்பர்களிடம் அவரே ஒப்புக் கொண்டார்.

இந்தப் பின்னணி தெரிந்தவர்களுக்கு 'தத்துவ ஆய்வுகள்' நூலின் ஒரு பகுதி வேறு மாதிரி ஒலிக்கும். இரண்டு இரண்டாகக் கூட்டி எழுது என்று ஒரு மாணவனிடம் சொல்கிறார்கள். 1000 வரை சரியாக எழுதியவன், அதன் பிறகு 1004, 1008, 1012 என்று போகிறான். தப்பு என்று சொன்னால் விழிக்கிறான். முன்பு செய்தது போலத்தானே செய்தேன் என்கிறான். இவனை முட்டாள் என்று தள்ளி விடாமல், அவன் விதியை எப்படிப் புரிந்து கொண்டான், நாம் புரிந்து கொண்டதுதான் சரி என்பதற்கு என்ன ஆதாரம் என்று பக்கம் பக்கமாக ஆராய்கிறார் ஆசிரியர். வகுப்பில் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத பொறுமை அந்தப் பக்கங்களில் கொட்டிக் கிடக்கிறது.

சாய்வு நாற்காலி வகுப்பு

கேம்பிரிட்ஜில் அவர் கையில் குறிப்பு வைத்துக் கொண்டு பாடம் நடத்தியதில்லை. டிரினிடி கல்லூரியில் அவர் தங்கியிருந்த அறையிலேயே வகுப்பு. கான்வாஸ் சாய்வு நாற்காலிகளைத் தவிர அதிக சாமான் கிடையாது. யோசித்துக் கொண்டே பேசுவார். நடுவில் நீண்ட மௌனம். தடுமாறினால், நான் ஒரு முட்டாள் என்று தன்னையே திட்டிக் கொள்வார்.

தத்துவத்தைத் தொழிலாகக் கொள்ளாதே, கைகளால் உழைத்துப் பிழை என்பது மாணவர்களுக்கு அவர் ஓயாமல் சொன்ன புத்திமதி. பிரான்சிஸ் ஸ்கின்னர் என்ற கணித மேதை அதைக் கேட்டுப் படிப்பை விட்டு விட்டுக் கருவித் தொழிற்சாலையில் மெக்கானிக் ஆனார். குடும்பத்தார் வருந்தினர். 1941-ல் போலியோ கண்டு அவர் இறந்த போது வயது 29. குரு வாக்கைத் தட்டாத சீடனுக்கு அதனால் நன்மை நேர்ந்ததா என்பதை யாரும் சொல்ல முடியாது. விட்கன்ஸ்டைனும் சும்மா உபதேசித்தவர் அல்ல. யுத்த காலத்தில் பேராசிரியர் பதவியில் இருந்து கொண்டே லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் மருந்து சுமக்கும் சிப்பந்தியாக வேலை செய்தார். 1947-ல் பதவியையும் துறந்தார். 1951-ல் காலமானார்.

அவருடைய கடைசி ஆண்டு வகுப்பில், 1946-47-ல், இந்திய மாணவர் ஒருவரும் இருந்தார். பெயர் கே. ஜே. ஷா. நம் கர்நாடகத்துக்கு இவர் அந்நியர் அல்ல. குருவின் புத்திமதியை மீறித் தத்துவத்தையே தொழிலாகக் கொண்டு, தார்வாடிலுள்ள கர்நாடகப் பல்கலைக் கழகத்தில் பாடம் நடத்தியவர். அர்த்த சாஸ்திரம் பற்றியும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கேம்பிரிட்ஜ் வகுப்பில் ஷா எடுத்த குறிப்புகள், பீட்டர் கீச், ஏ. சி. ஜாக்சன் என்ற சக மாணவர்களின் குறிப்புகளோடு சேர்ந்து 1988-ல் நூலாக வெளிவந்தன. ஒரே அறையில், ஒரே பேச்சைக் கேட்டு மூன்று பேர் எழுதியவை. மூன்றும் ஒன்று போல் இல்லை என்பதால், பதிப்பாசிரியர் எதையும் தள்ளாமல் மூன்றையும் தனித்தனியே அச்சிட்டிருக்கிறார்.