எந்தத் திருப்பத்தூர்?

‘திருப்பத்தூர்’ என்றால் ஜோலார்பேட்டைக்காரருக்கு ஜவ்வாது மலைப் பக்கத்து ஊர்; காரைக்குடிக்காரருக்கு மருது சகோதரர்கள் 1801-இல் தூக்கிலிடப்பட்ட ஊர். முன்னது 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பின்னது சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. இரண்டுமே சட்டமன்றத் தொகுதிகள். தேர்தல் ஆணையத்தின் கணக்கில் ஒன்று 50, மற்றது 185. எண்ணைச் சொன்னால் குழப்பம் இல்லை.

தரவுத்தளத்தில் எழுதும் புரொசீஜர்களிலும் இப்படிப் பெயர்கள் மோதும். ‘மனுக்கள்’ என்றொரு டேபிள். அதில் ‘தொகுதி’ என்றொரு நெடுவரிசை. ஒரு தொகுதியின் பழைய மனுக்களை அழிக்க ‘நீக்கு’ என்று ஒரு புரொசீஜர் எழுதுகிறோம். எந்தத் தொகுதி என்பதை வாங்கிக்கொள்ளும் மாறிக்கும் ‘தொகுதி’ என்றே பெயர். நிபந்தனை இப்படி அமையும்: தொகுதி = தொகுதி. 50 என்று கொடுத்து ஓட்டினால் என்ன ஆகும்?

ஆரக்கிளில், எஸ்கியூஎல் வரிக்குள் நெடுவரிசைக்கே முதலிடம். இரு பக்கமும் அதையே குறிப்பதால் ஒவ்வொரு பதிவும் தன்னோடு தானே ஒப்பிடப்பட்டு அழியும். 185-இன் மனுக்களும் சேர்ந்து போகும். தொகுதி நிரப்பப்படாத பதிவுகள் மட்டும் தப்பும், ஏனென்றால் வெற்றும் வெற்றும் சமம் என்று எஸ்கியூஎல் ஏற்பதில்லை. மைஎஸ்கியூஎல்லில் மாறிக்கு முதலிடம்: 50 = 50. அங்கே வெற்றுப் பதிவுகள்கூட மிஞ்சாது. இரண்டிலும் பிழைச் செய்தி வராது என்பதுதான் பயங்கரம்.

போஸ்ட்கிரெஸும் முன்பு மாறியைத்தான் எடுத்துக்கொண்டது. 2010-இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து, எதைச் சொல்கிறீர்கள் என்று தெளிவில்லை எனப் பிழை காட்டி நின்றுவிடுகிறது. மிக நல்ல முடிவு. பழைய நிரல்களுக்காக இதைத் தளர்த்தவும் வழி உண்டு. புதிதாக எழுதுபவர்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. எஸ்கியூஎல் சர்வரில் மாறியின் பெயர் ‘@’ குறியோடுதான் தொடங்க வேண்டும் என்பதால் இந்தத் தொல்லையே இல்லை.

மற்ற இடங்களில் மாறிக்கு ‘பி_தொகுதி’ என்று முன்னொட்டு வைப்பது வழக்கம். கூடவே ஒன்று: இன்று டேபிளில் இல்லாத பெயர் என்று நம்பி மாறிக்கு வைத்திருப்போம். அடுத்த வருஷம் வேறொருவர் அதே பெயரில் நெடுவரிசை சேர்த்தால், ஆரக்கிளில் நம் புரொசீஜரில் ஓர் எழுத்துகூட மாறாமல் அதன் பொருள் மாறிவிடும். அதற்கும் இடம் கொடாமல் ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸிலும் முழு முகவரியோடு எழுதலாம்: மனுக்கள்.தொகுதி = நீக்கு.தொகுதி. இடப்பக்கம் டேபிளின் பெயர், வலப்பக்கம் புரொசீஜரின் பெயர்.