முற்றுகைக்குப் பின் ஒரு நகரின் முகம்

ஒரு நகரை நேரில் காணாதோர் உள்ளத்தில் பதிந்திருக்கும் அதன் தோற்றத்தைச் சுற்றுலா ஆய்வாளர்கள் ‘படிமம்’ என வழங்குவர். அமைதிக் காலத்தில் மெல்ல வளரும் படிமம், போர்க்காலச் செய்திப் படங்களால் விரைவில் மாறிவிடுகிறது. பொஸ்னியாவின் தலைநகர் சாரயேவோ இதற்குத் தக்க சான்றாகும்.

1984இல் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் அங்கு நடந்தபோது உலகம் அதனைப் பனிமலைகளின் நகராக அறிந்தது. 1992 ஏப்ரலில் தொடங்கிய முற்றுகை 1996 பெப்ரவரி வரை நீடித்தது. 11,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சறுக்கு வண்டிப் போட்டி நடந்த ட்ரெபெவிச் மலையிலிருந்தே நகரின் மீது குண்டுகள் பொழியப்பட்டன.

இன்று அங்கு செல்லும் பயணிகளில் பலர் தேடுவது அந்தப் போரையே. விமான நிலையத்தின் அடியில் 1993இல் தோண்டப்பட்ட, ஏறத்தாழ 800 மீட்டர் நீளச் சுரங்கத்தின் எஞ்சிய பகுதியைக் காண்கின்றனர். தெருக்களில் குண்டு விழுந்த வடுக்களைச் செந்நிறப் பிசினால் நிரப்பிய ‘சாரயேவோ ரோஜா’க்களைப் படமெடுக்கின்றனர். பாஷ்சார்ஷியா கடைவீதியில் செப்புக் கொல்லர்கள் வெற்றுத் தோட்டாக்களைப் பேனாக்களாக்கி விற்கின்றனர்.

இது தவறா? வடுக்களை மறைத்துவிட்டால், நடந்ததை மறுப்போருக்கே அது துணையாகும். சாட்சியத்தை மறைத்தல் குற்றமென்பது நாம் நன்கறிந்த நெறி. ஆயினும் சாட்சியம் வேறு, வேடிக்கை வேறு. போரை மட்டுமே காட்டும் சுற்றுலா, ஒரு நகரின் ஐந்து நூற்றாண்டுகளை நான்கு ஆண்டுகளுக்குள் அடக்கிவிடுகிறது.

அந்நகரின் வேர் வக்பில் உள்ளது. 15ஆம் நூற்றாண்டில் ஈஸா பேக் ஏற்படுத்திய அறக்கட்டளையில் முஸாபிர்களுக்கான விடுதியும் இருந்தது. 1530களில் காஸி குஸ்ரவ் பேக் பள்ளிவாசலும் மத்ரஸாவும் எழுந்தன. வழிப்போக்கரை விருந்தினராக ஏற்றதும் அந்நகர் வளர்ந்ததற்கு ஒரு காரணமாகும்.

1992 ஆகஸ்டில் எரிந்து, 2014இல் மீண்டும் திறக்கப்பட்ட தேசிய நூலகக் கட்டடத்தை எல்லாப் பயணிகளுக்கும் காட்டுகின்றனர். ஆனால் காஸி குஸ்ரவ் பேக் நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகளை, அதன் ஊழியர்கள் குண்டு மழைக்கிடையே இடம் மாற்றி மாற்றிக் காத்த வரலாற்றை எத்தனை பேர் கேட்டுத் திரும்புகின்றனர்?

எரிந்தது எதுவென்பதோடு, காக்கப்பட்டது எதுவென்பதையும் காட்டும்போதே ஒரு நகரின் படிமம் முழுமை பெறும். அங்கு வாழ்வோர் பரிதாபத்துக்குரியோராக அன்றி, ஒரு மரபின் வாரிசுகளாக அறியப்படுவதும் அப்போதுதான்.